டைனா லொறி விடிய ஸ்ரார்ட் எடுப்பதில்லை, ஹீற்றர் பிளக் போட்டுப் போட்டு எரிகிறது

செம்மண்லொறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓடிய லொறி ஒன்றை இப்போது நான் வைத்து ஓடுகிறேன். 1985ஆம் ஆண்டு ரொயோட்டா டைனா, 3பி டீசல் எஞ்சின், 12 வோல்ற். யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலி சந்தைகளுக்கு மரக்கறி ஏற்றுவேன், மாதத்தில் இரண்டு மூன்று தரம் தம்புள்ளைக்கும் போய் வருவேன். வீட்டுச் சாப்பாடு இந்த லொறியில்தான்.

பிரச்சினை விடியப்புறம் நாலு மணிக்குத்தான். திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் நல்லாகச் சுற்றும், சைலன்சரால் வெள்ளைப் புகை வரும், எஞ்சின் பிடிக்காது. ஐந்தாம் ஆறாம் தரம்தான் இரண்டு சிலிண்டரில் தடதட என்று பிடித்து, லொறி முழுக்க நடுங்கி, முற்றம் முழுக்க வெள்ளைப் புகையாகி, மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். அதற்குப் பிறகு பொழுதுபடும் வரை தொட்டவுடன் ஸ்ரார்ட். இழுவையும் குறையவில்லை, ஓயிலும் பெரிதாகக் குடிக்கவில்லை.

ஸ்ரார்ட் எடுக்க முதல் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீற்றர் பிளக் நாலையும் ஐந்து மாதத்துக்குள் இரண்டு தரம் மாற்றிவிட்டேன். புதிது போட்டால் சில கிழமைக்கு நல்லாக இருக்கும், பிறகு பழைய கதை. போன கிழமை கழற்றிப் பார்த்தேன். இரண்டு பிளக்கின் நுனி வீங்கி இருந்தது, ஒன்று நுனி வெடித்திருந்தது, நாலாவது கழறவே இல்லை. பலமாகத் திருப்பப் பயத்தில் விட்டுவிட்டேன். டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு பட்டன் இருக்கிறது, அப்பா காலத்தில் ஒரு கராஜில் பூட்டியது. அதை அழுத்திப் பிடித்து இருபது வரை எண்ணிவிட்டுத்தான் ஸ்ரார்ட் அடிப்போம்.

போன மாதம் கரட்டும் லீக்ஸும் ஏற்ற நுவரெலியா போய் இரவு தங்கினேன். விடிய ஸ்ரார்ட் எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் பெற்றோலில் நனைத்த துணியை எயார் கிளீனர் வாயில் பிடித்தார். பெரிய அடி ஒன்று அடித்து எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. இங்கே சிலர் பிஸ்ரன் ரிங் போய்விட்டது, எஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார்கள், சிலர் வித்துவிடு என்கிறார்கள். விற்க எனக்கு மனமில்லை. எஞ்சின் இறக்கும் காசும் கையில் இல்லை. கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) போய்விட்டதா, ஹீற்றர் பிழையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இங்கே தை மாதத்து விடியலில்கூட 21, 22 பாகைதான். இந்தச் சூட்டில் ஹீற்றர் உண்மையிலேயே தேவையா?


டாட்டா1210 எழுதியது:

தம்பி, என்னுடையது டாட்டா 1210. அதில் ஹீற்றர் பிளக் என்ற சாமானே கிடையாது. பனி பெய்தாலும் மழை பெய்தாலும் ஒரே சுற்றில் பிடிக்கும். ஹீற்றர் இல்லாமல் பிடிக்காத எஞ்சின் என்றால் கொம்பிரசன் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ரிங்கையும் வால்வையும் பாருங்கள். பிளக்குக்குக் காசு கொட்டிப் பிரயோசனம் இல்லை.


பழையஸ்பானர் எழுதியது:

டாட்டா அண்ணை சொன்னது அவருடைய எஞ்சினுக்குச் சரி, இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. 1210இல் டீசல் நேரே பிஸ்ரனின் தலையில் உள்ள குழிக்குள் அடிக்கப்படுகிறது. 3பியில் அப்படி இல்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது, டீசலைத் தெளிக்கும் நோசில் அதற்குள்தான் அடிக்கும், அங்கே பற்றிய நெருப்பு ஒரு சின்ன வாயால் பிஸ்ரனுக்கு மேலே வரும். அந்த அறையின் சுவரும் ஒடுங்கிய வாயும் குளிர்ந்த இரும்பு. அமுக்கிச் சூடாக்கிய காற்றின் சூட்டை அது உறிஞ்சிவிடும். டீசல் தானாகப் பற்ற 200 பாகைக்கு மேல் சூடு வேண்டும், குளிர்ந்த அறையில் அந்தச் சூடு நிற்காது. இதற்காகத்தான் இப்படியான எஞ்சினுக்கு நேரடியாக அடிக்கும் எஞ்சினைவிடக் கூடின கொம்பிரசன் வைத்து, அறைக்குள் ஹீற்றர் பிளக்கும் வைத்தார்கள். ஆகவே யாழ்ப்பாணத்து 22 பாகையிலும் 3பிக்கு ஹீற்றர் தேவை. புது எஞ்சின் என்றால் ஹீற்றர் இல்லாமலும் பிடிக்கலாம், நாற்பது வருடம் ஓடிய எஞ்சின் பிடிக்காது. நுவரெலியாவில் இன்னும் மோசம். 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெல்லியது, அமுக்கினால் வரும் சூடும் குறைவு, அதோடு விடியல் குளிர்.

வெள்ளைப் புகை வருகிறது என்றீர்களே, அது நல்ல அடையாளம். டீசல் உள்ளே வருகிறது, எரியாமல் ஆவியாக வெளியே போகிறது என்று அர்த்தம். புகையே இல்லாமல் சுற்றினால்தான் பம்பையும் பைப்பையும் தேட வேண்டும். சூடான பிறகு தொட்டவுடன் பிடிக்கிறது, இழுவை குறையவில்லை, ஓயில் குடிக்கவில்லை. ரிங் போன எஞ்சினின் குணம் இது இல்லை. எஞ்சினை இறக்க அவசரப்படாதீர்கள்.

அடுத்தது பெற்றோல் துணி. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், இனிமேல் செய்யாதீர்கள், செய்ய வருபவரையும் தடுங்கள். இந்தப் பழக்கம் எங்கள் ஊரில் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 90களில் பெற்றோல் யாழ் குடாநாட்டுக்குள் வர விடாத காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விடுவோம், சிலர் சேலைன் ரியூப் கொழுவி வைத்திருந்தார்கள். அது பெற்றோல் எஞ்சின். ஸ்பார்க் பிளக் நெருப்புப் பொறி விடும்போதுதான் அது பற்றும், அதனால் இந்த ஆபத்து இல்லை. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. பெற்றோல் ஆவி காற்றோடு உள்ளே போய், பிஸ்ரன் மேலே வந்து கொண்டிருக்கும்போதே, நோசில் அடிப்பதற்கு முதலே வெடிக்கும். அதிலும் ஹீற்றர் பிளக் சிவந்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. மேலே வரும் பிஸ்ரனைக் கீழே அடிக்கும் அடிதான் நீங்கள் கேட்ட சத்தம். ரிங் நிற்கும் பள்ளம் உடைந்த பிஸ்ரனையும் பிஸ்ரனைத் தாங்கும், வளைந்த கொன்ரொட்டையும் இதனால் வந்து நான் கையால் கழற்றி இருக்கிறேன். கடையில் விற்கும் ஸ்ரார்ட் ஸ்பிரேயும் இதே வேலையைத்தான் செய்யும்.

இனி முக்கியமான கேள்வி. கழற்றிய பிளக்கின் உடம்பில், அறுகோணத்துக்குப் பக்கத்தில், எழுத்தும் இலக்கமும் அடித்திருக்கும். துணியால் துடைத்துப் பார்த்து எத்தனை வோல்ற் என்று எழுதுங்கள். அதோடு, அந்தப் பட்டனிலிருந்து பிளக்குக்கு நேரே வயர் போகிறதா, இடையில் ரிலே (பெரிய கறண்டைத் தான் தாங்கும் சுவிட்ச்) இருக்கிறதா? பட்டனை இருபது எண்ணும்வரை பிடித்தால் விரலுக்குச் சூடு தெரிகிறதா?


செம்மண்லொறி எழுதியது:

ஐயா, ஆறுதலாக எழுதியதற்கு நன்றி. பெற்றோல் துணி இனி இந்த லொறிக்குக் கிட்டவும் வராது.

பிளக்கில் 6 வோல்ற் என்று இருக்கிறது. மூன்றிலும் அதேதான். முதல் தரம் யாழ்ப்பாண ரவுணில் வாங்கினேன், இரண்டாம் தரம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எடுப்பித்தேன், இரண்டு இடத்திலும் எஞ்சின் இலக்கத்தைச் சொல்லித்தான் வாங்கியது. 12 வோல்ற் லொறிக்கு ஏன் 6 வோல்ற் பிளக் என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன், கெதியாகச் சூடாகும், நல்லதுதான் என்றார்.

ரிலே இல்லை. பற்றரியிலிருந்து ஒரு வயர் பட்டனுக்கு, பட்டனிலிருந்து ஒரு வயர் நாலு பிளக்கையும் இணைக்கும் தகட்டுக்கு. பட்டன் சூடாகிறது. ஒரு பக்கம் பிளாஸ்ரிக் உருகியும் இருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை.


வயர்வேலை எழுதியது:

வந்துவிட்டது விடை. ஸ்பானர் ஐயா எழுத முதல் நான் எழுதுகிறேன், நான் பிழைவிட்டால் அவர் திருத்தட்டும்.

கடைக்காரர் பிழையான சாமான் தரவில்லை, சாமான் உங்கள் எஞ்சினுக்கு உரியதுதான். ஆனால் வயரிங் உங்கள் எஞ்சினுக்கு உரியது இல்லை. 12 வோல்ற் 3பி இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் 10.5 வோல்ற் பிளக், ஒரு ரிலே, அது பதினைந்து இருபது செக்கன் எடுத்து மெதுவாகச் சூடாகும். மற்றது சூப்பர் குளோ. அதில் 6 வோல்ற் பிளக், இரண்டு ரிலே, இடையில் கறண்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்ரர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி. திறப்பைத் திருப்பினால் முதல் ரிலே 12 வோல்ற்றை முழுதாக விடும். சில செக்கனிலேயே பிளக் சிவந்துவிடும். உடனே பெட்டி அதை வெட்டிவிட்டு இரண்டாவது ரிலேயால், ரெசிஸ்ரர் வழியாக, குறைந்த வோல்ற்றை விடும். அதனால்தான் 6 வோல்ற் பிளக் 12 வோல்ற் வண்டியில் எரியாமல் இருந்தது.

உங்களுடையது சூப்பர் குளோவாக வந்த லொறி. பெட்டி பழுதான ஒரு நாளில் யாரோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பட்டனை வைத்திருக்கிறார்கள், பிளக்கை மட்டும் மாற்றவில்லை. இப்போது 6 வோல்ற் பிளக்குக்கு 12 வோல்ற்றை இருபது செக்கன் விடுகிறீர்கள். வோல்ற் இரண்டு மடங்கானால் சூடாக்கும் சக்தி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. உள்ளே உள்ள சுருள் உருகும், நுனி வீங்கும், வெடிக்கும். வீங்கிய நுனி துவாரத்தால் வெளியே வராது, உங்கள் நாலாவது பிளக் ஏன் கழறவில்லை என்று இப்போது விளங்கும். நுனி உடைந்து அறைக்குள் விழுந்தால் அதற்குப் பிறகு ஹெட்டுக்கும் பிஸ்ரனுக்கும் வரும் செலவு தனி.

பழைய பெட்டியும் ரெசிஸ்ரரும் தேடி அலைய வேண்டாம், கிடைத்தாலும் அதுவும் நாற்பது வருடப் பழசு. என் எண்ணம், நாலு 10.5 வோல்ற் பிளக் போடுங்கள், அதே துவாரத்துக்கு அதே மரைதான். பட்டன் இருக்கட்டும், ஆனால் அது ரிலேயை மட்டும் இயக்கட்டும். 70 அல்லது 80 அம்பியர் தாங்கும் ஹீற்றர் ரிலே ஒன்று எஞ்சினுக்குக் கிட்டப் பூட்டி, பற்றரியிலிருந்து ரிலேக்கும் ரிலேயிலிருந்து தகட்டுக்கும் 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயர் போடுங்கள், பற்றரிப் பக்கம் 60 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். பிளக் ஒன்று பத்து அம்பியர் அளவு இழுக்கும், நாலுக்கும் நாற்பது. தொடக்கத்தில் அதைவிடக் கூட. அந்த நாற்பதும் இப்போது உங்கள் விரலுக்குக் கீழேயுள்ள சின்னப் பட்டனால் போகிறது. டாஷ்போட் பற்றி எரியாதது அதிர்ஷ்டம், தயவு செய்து இன்றைக்கே அந்த வயரைக் கழற்றி வையுங்கள்.

புது பிளக் போட முதல் சோதித்துப் போடுங்கள். ஓம் மீற்றரில் பார்த்தால் சாதாரண மல்ரி மீற்றர் ஏமாற்றும், ஒரு ஓமுக்குக் கிட்டவுள்ள அளவில் மீற்றரின் வயரே பாதி அளவைக் காட்டிவிடும். தகட்டைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பிளஸிலிருந்து ஒரு சோதனை பல்பைப் பிளக்கின் தலையில் தொடுங்கள். பல்ப் எரிந்தால் சுருள் அறாமல் இருக்கிறது, எரியாவிட்டால் செத்தது. தகட்டைக் கழற்றாமல் செய்தால் நாலும் சேர்ந்து காட்டும், செத்ததைப் பிடிக்க முடியாது. நிறையப் பேர் விடும் பிழை இது.


பழையஸ்பானர் எழுதியது:

வயர்வேலைத் தம்பி சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. கையால் செய்யும் பகுதியை மட்டும் நான் சேர்க்கிறேன்.

நாலாவது பிளக்கைக் குளிர்ந்த எஞ்சினில் கழற்றப் போகாதீர்கள். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அடுத்த நாள் ஒரு ஓட்டம் ஓடிவந்து, ஹெட் நல்ல சூட்டில் இருக்கும்போது, பிளக்கைச் சுற்றி உள்ள செம்மண் தூசியைக் காற்றடித்துத் துப்புரவாக்கிவிட்டு, நீண்ட சொக்கற் போட்டுக் கால் சுற்றுத் திருப்பி, திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, திரும்பவும் கொஞ்சம். ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. மரை முழுக்கக் கழன்ற பிறகும் பிளக் வராமல் நின்றால் நுனி வீங்கி இருக்கிறது. அங்கே கோபத்தில் இழுத்தால் நுனி உள்ளே நிற்கும். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு என்னிடம் கேளுங்கள், ஹெட்டைக் கழற்றி உள்பக்கத்தால் எடுக்கலாம்.

துவாரத்தில் கரி இருக்கும், அதை மெல்லமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். புது பிளக்கின் மரைக்கு மட்டும் கொஞ்சம் செப்புக் கிறீஸ், நுனியில் படக்கூடாது. கையாலேயே கடைசி மட்டும் திருகிவிட்டு, ஸ்பானரால் இறுக்கமாக ஒரு சின்னத் திருப்பு. கை பலத்தைக் காட்டும் இடம் இது இல்லை.

பிளக் துவாரம் திறந்திருக்கும்போதே கொம்பிரசனையும் அளந்துவிடுங்கள், திரும்பக் கழற்றத் தேவையில்லை. பெற்றோல் எஞ்சினுக்கு வைத்திருக்கும் கேஜ் உதவாது, அது 300 பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவோடு முடிந்துவிடும். டீசலுக்குரியது வேண்டும், கராஜில் கேட்டு வாங்கலாம். நல்ல 3பி 400ஐத் தாண்டிக் காட்டும், 300க்குக் கீழே போனால்தான் எஞ்சினை இறக்கும் கதை. நாலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது.

பற்றரியும் பாருங்கள். ஸ்ராட்டர் நல்லாகச் சுற்றுகிறது என்று காதுக்குத் தெரிந்தால் போதாது. சுற்றும்போது பற்றரி முனையில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழக்கூடாது. எஞ்சினிலிருந்து சேசிக்குப் போகும் எர்த் வயரின் இரு முனையையும் கழற்றி உப்புத்தாள் போட்டுச் சுரண்டிப் பூட்டுங்கள். எங்கள் கடல் காற்றில் அது பச்சை பிடிப்பதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. விடிய ஸ்ரார்ட் அடிக்க முதல், டீசல் பம்புக்குப் பக்கத்தில் உள்ள கைப் பம்பை இருபது தரம் அடித்துப் பாருங்கள். அப்படிச் செய்த நாளில் மட்டும் கெதியாகப் பிடித்தால், இரவில் டீசல் தாங்கிக்குத் திரும்பிப் போகிறது, பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம்.


கிளிநொச்சிஉழவு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மசி பேர்குசன் 135 உழவு இயந்திரத்துக்கு இப்படி பிளக் இருக்கிறதா? என்னுடையதில் திறப்பை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் சூடாகும் என்று சொல்லித் தந்தார்கள், ஆனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாரிக்கு உழவு தொடங்க முதல் சரி பண்ண வேண்டும்.


பழையஸ்பானர் எழுதியது:

அதில் சிலிண்டருக்குள் பிளக் இல்லை, காற்றுப் பைப்பில் ஒரே ஒரு ஹீற்றர். அதற்கு ஒரு சின்னப் பைப்பால் டீசல் வரும். சுருள் சூடாகி அந்த டீசல் எரிந்து, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். இரண்டும் வேண்டும், கறண்டும் டீசலும். முதலில் அந்தச் சின்னப் பைப்பைக் கழற்றி டீசல் சொட்டுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அடைத்திருக்கும், அல்லது யாரோ கழற்றிவிட்டு ஆணி அடித்திருப்பார்கள். பிறகு திறப்பை இடப்பக்கம் பிடித்து ஹீற்றரின் தலையில் 12 வோல்ற் வருகிறதா பாருங்கள். அதற்கும் பெற்றோல் வேண்டாம்.


டாட்டா1210 எழுதியது:

நான் என் எஞ்சினை வைத்து எல்லா எஞ்சினையும் அளந்துவிட்டேன். தம்பி, ரிங் மாற்றச் சொன்னதை விட்டுவிடுங்கள். கொம்பிரசன் கேஜ் என்னிடம் இருக்கிறது, டீசலுக்குரியது. நான் உரும்பிராய்ப் பக்கம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.


செம்மண்லொறி எழுதியது:

பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். சாமான் வரும்வரை பார்த்திருந்தேன்.

பட்டன் வயரை அன்றைக்கே கழற்றினேன். உள்ளே செப்பு கறுத்து, பிளாஸ்ரிக் கையோடு உதிர்ந்தது. அப்பா எத்தனை வருடம் இதன் பக்கத்தில் இருந்து ஓடினார் என்று நினைக்க ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாலாவது பிளக் ஐயா சொன்னபடி இரண்டு நாள் ஊற வைத்து, சூட்டில், ஒன்றரை மணித்தியாலம் முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுத்தேன். மரை கழன்ற பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் இழுக்கவில்லை. எண்ணெய் விட்டு, கையால் சுற்றிச் சுற்றிக் கொண்டிருக்க மெல்ல மெல்ல வந்தது. நுனி வீங்கித்தான் இருந்தது, ஆனால் முழுதாக இருந்தது.

டாட்டா அண்ணையின் கேஜில் அளந்தோம், அவரே நேரில் வந்தார். ஒன்று, இரண்டு, நாலாவது சிலிண்டரில் 390, 380, 395, மூன்றாவதில் மட்டும் 335. அண்ணை இரண்டு தரம் அளந்தார், அதேதான். துவாரத்தால் கொஞ்சம் ஓயில் விட்டு அளந்தும் பெரிதாக ஏறவில்லை, அதனால் ரிங் இல்லை, வால்வாக இருக்கலாம் என்கிறார்.

10.5 வோல்ற் பிளக் நாலும் போட்டு, ரிலேயும் பியூசும் புது வயரும் போட்டாயிற்று. பூட்ட முதல் ஒவ்வொன்றையும் பல்ப் வைத்துப் பார்த்தேன், புதியதில் ஒன்று செத்துப்போய் வந்திருந்தது, கடையில் மாற்றித் தந்தார்கள். எர்த் வயர் ஒரு முனை உள்ளே முழுக்கப் பச்சை, அதை வெட்டிப் புது முனை போட்டேன். ஸ்ராட்டர் சுற்றும்போது முன்பு 9.2 காட்டியது, இப்போது 10.4. கைப் பம்ப் அடித்தும் அடிக்காமலும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

இன்றைக்கு விடிய மூன்றே முக்காலுக்குப் பட்டனை அழுத்தி இருபது எண்ணி ஸ்ரார்ட் அடித்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா, புகை இல்லாததைப் பார்த்து, லொறி எடுத்தாச்சா என்று கேட்டா. முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் கொஞ்சம் விட்டுவிட்டு அடிக்கிறது, மெல்லிய வெள்ளைப் புகை. அது அந்த மூன்றாவதாகத்தான் இருக்க வேண்டும்.

ஐயா, அந்த 335க்கு முதலில் வால்வ் இடைவெளியைப் பார்க்கட்டுமா?


பழையஸ்பானர் எழுதியது:

ஓம், முதலில் அதுதான். இடைவெளி இறுகி இருந்தால் வால்வ் முழுதாக மூடாது, கொம்பிரசன் அதனால் கசியும். கையேட்டில் உள்ள அளவுக்கு நாலு சிலிண்டரையும் வைத்துவிட்டு, ஒரு கிழமை ஓடிய பிறகு மூன்றாவதை மட்டும் திரும்ப அளந்து இங்கே போடுங்கள். ஏறாவிட்டால் வால்வை அரைப்பதைப் பற்றிக் கதைப்போம், அதற்கும் எஞ்சினை இறக்கத் தேவையில்லை, ஹெட்டைக் கழற்றினால் போதும். கழற்றிய 6 வோல்ற் பிளக்குகளைக் கராஜ் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள் தம்பி, யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.